மணம் தெரியாமல் கனசாவாவில் மூன்று நாள்

ஐந்து நாள் காய்ச்சலில் படுத்திருந்துவிட்டு எழுந்த காலை, நானே காபி போட்டுக்கொண்டேன். டம்ளர் கையைச் சுட்டது. வாயில் வைத்த பிறகும் உள்ளே இருப்பது காபியா வெந்நீரா என்று தெரியவில்லை. நாக்கின் அடியில் கொஞ்சம் கசப்பு மட்டும் இருந்தது. "டூ வீக்ஸ்ல வந்துடும், கவலைப்படாதீங்க," என்றார் டாக்டர். இரண்டு வாரம் இரண்டு மாதமானது. பிறகு இரண்டு வருடமும் ஆயிற்று.

எங்கள் வீடு அமெரிக்காவில், சன்னிவேலில். நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறேன். ஆனால் எங்களைத் தெரிந்தவர்களிடம் கேட்டால் என் வேலை மைசூர்பாகு என்றுதான் சொல்வார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டில் நெய் வாசனை தெருமுனை வரை போகும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். மணம் போன பிறகு ஒரே ஒரு முறை முயன்று பார்த்தேன். அடுப்பில் நெய்யை வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று ஆபீஸ் காலில் பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று புகை அலாரம் அலறியது. என் கணவர் மாடியிலிருந்து ஓடிவந்து, புகைக்கு நடுவில் ஒன்றும் தெரியாமல் நின்றுகொண்டிருந்த என்னைத்தான் முதலில் வெளியே இழுத்தார், சட்டியை அப்புறம்.

அதோடு இனிப்பு செய்வதை நிறுத்திவிட்டேன். கேட்டவர்களிடம் டைம் இல்லை என்றேன். உண்மை தெரிந்தவர்கள் கணவரும், ஆஸ்டினில் படிக்கும் மகளும் மட்டும்தான். மற்றவர்களிடம் சொல்ல ஏனோ கூச்சம். விருந்துகளில் எதைக் கொடுத்தாலும் வாயில் போட்டு, "சூப்பரா இருக்கு ஆன்ட்டி," என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சாம்பார், பாயசம், பிரியாணி எல்லாம் எனக்கு ஒன்றுதான். ஒன்று சூடு, ஒன்று இனிப்பு, ஒன்று காரம், அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் என் கணவருக்கு டோக்கியோவில் ஒரு வாரம் ஆபீஸ் வேலை வந்தது. என்னையும் வரச் சொன்னார். வேலை முடிந்து மூன்று நாள் எங்காவது போய்வரலாம் என்று அவரே ஓர் ஊரையும் பார்த்து வைத்திருந்தார். ஜப்பானின் மேற்குக் கடலோரத்தில் இருக்கும் கனசாவா. அவர் மரத்தைக் கண்டால் காரை ஓரம் கட்டிவிட்டுப் பார்க்கும் மனிதர். லிவர்மோர் கோவிலுக்குப் போகும்போதெல்லாம் வழியில் மலைச்சரிவில் தனியாக நிற்கும் ஓக் மரங்களைப் படம் எடுப்பதில் அரை மணி நேரம் போய்விடும்.

"அங்க பெரிய பார்க் ஒண்ணு இருக்கும்மா. அப்புறம் அந்த ஊரு ஸ்வீட்ஸுக்கு ரொம்ப ஃபேமஸாம். எனக்கு பார்க், உனக்கு ஸ்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு என்ன? சொல்லுங்க," என்றேன். அவர் லேப்டாப்பை மூடினார்.

அன்று மகள் போனில் கூப்பிட்டபோது அவளிடம் புலம்பினேன். மூக்கில்லாதவளைக் கூட்டிக்கொண்டு இனிப்புக்குப் பேர்போன ஊருக்குப் போகிறாராம் உங்க அப்பா என்றேன். "அம்மா, ஜஸ்ட் கோ. யூ கேன் ஸ்டில் ஸீ, ரைட்?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் போனேன்.

நவம்பர் முதல் வாரம். டோக்கியோவிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. இறங்கும்போதே மழை. பெரிய மழை இல்லை, நின்று நின்று நாள் முழுக்கப் பெய்கிற மழை. ஊர்க்காரர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. குடையைக் கூடச் சத்தமில்லாமல் விரித்தார்கள்.

ஓட்டலிலிருந்து வெளியே நடந்தால் தெருவுக்குத் தெரு இனிப்புக் கடை. நம்மூர் கடைகளைப் போலத் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருக்கவில்லை. ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறே ஆறு இனிப்புகள், கட்டைவிரல் பருமனில், நகைக்கடையில் வைப்பதுபோல் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். ஒன்று சிவந்த இலை. ஒன்று பாதி பழுத்த பேரிக்காய் மாதிரி. இன்னொன்றில் வெறும் வெள்ளை உருண்டை மேல் ஊசியால் கீறியதுபோல் ஒரே ஒரு கோடு. நான் மழையில் நின்றபடி வெளியிலிருந்தே பார்த்தேன். உள்ளே போகவில்லை. கணவரும் போகவில்லை. எனக்காகத்தான் அவர் வாயைக் கட்டுகிறார் என்று புரிந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நீங்க சாப்பிடுங்களேன். நானா வேணாங்கறேன்?"

"எனக்கு சுகர் பார்டர்ல இருக்கில்ல," என்றார். அவருக்கு சர்க்கரை எந்த பார்டரிலும் இல்லை.

மறுநாள் காலை அவருடைய பூங்காவுக்குப் போனோம். வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். பூங்கா என்றால் எனக்குப் புல்வெளி, ஊஞ்சல், பார்பிக்யூ அடுப்பு, பிறந்தநாள் பலூன். குன்றின் மேல் ஏறி வாசலைத் தாண்டியதும் என் கால் தானாக மெதுவானது.

முதலில் கண்ணில் பட்டது பாசி. தரை முழுக்கப் பச்சைப் பாசி, மழையில் ஊறி உள்ளிருந்து விளக்கு எரிவதுபோல் இருந்தது. அதன் மேல் தலையில் துணி கட்டிய நான்கைந்து பெண்கள் குந்தி உட்கார்ந்து, விழுந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நகர்ந்த இடத்தில் ஒரு தடம்கூட இல்லை. அதற்கப்புறம் குளம். குளக்கரையில் ஒரு கிழட்டுப் பைன் மரம், கிளைகளைத் தண்ணீர் மேல் வெகுதூரம் நீட்டிக்கொண்டு, கீழே முட்டுக்கொடுத்த கட்டைகளின் மேல் சாய்ந்து நின்றது.

அந்த மரத்துக்குத்தான் அன்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மரத்தின் நடுவிலிருந்து அதைவிட உயரமான கம்பங்களை நிறுத்தியிருந்தார்கள். ஒரு கம்பத்தின் உச்சியில் ஒருவர் காலைப் பின்னிக்கொண்டு இருந்தார். அவர் கையில் வைக்கோல் கயிறுகளின் கட்டு. ஒவ்வொரு கயிறாக அவிழ்த்துக் கீழே வீசுவார். கயிறு காற்றில் ஒரு நொடி வளைந்து நிற்கும், பிறகு கீழே இருப்பவரின் கைக்குச் சரியாகப் போய்ச் சேரும். அவர் அதை ஒரு கிளையின் நுனியில் கட்டுவார். யாரும் கத்தவில்லை. மேலே இருப்பவர் ஒரு சத்தம் கொடுப்பார், கீழே இருப்பவர் ஒரு சத்தம் கொடுப்பார். கயிறு சேரச் சேர, மரத்தின் மேல் பெரிய குடையின் கம்பிகள் விரிந்த மாதிரி ஒரு கூம்பு உருவாகிக்கொண்டே வந்தது. ஒரு மரத்துக்கு நூற்றுக்கணக்கான கயிறுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம், எல்லாம் ஒரே இழுப்பு. மழை அந்தக் கயிறுகளின் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. என் செருப்புக்குள் தண்ணீர் போய்விட்டிருந்தது.

"ஒரு மரத்துக்கு இவ்ளோ பேரா," என்றார் அவர், கோவிலுக்குள் பேசுகிற குரலில்.

கீழே நின்ற தோட்டக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். கணவர் போனில் இருந்த மொழிபெயர்ப்பு ஆப்பை நீட்டி, இது எதற்கு என்று கேட்டார். இங்கே விழும் பனி ஈரமானது, கனமானது, கிளையை முறித்துவிடும் என்று பதில் வந்தது. நிச்சயம் பனி விழுமா என்று கேட்டார். சில வருடம் நிறைய விழும், சில வருடம் விழவே விழாது என்றது போன். விழாத வருடம் என்ன செய்வீர்கள் என்று நானே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். போன் யோசித்துவிட்டுச் சொன்னது: "வசந்த காலத்தில் அவிழ்ப்போம்."

அந்தப் பதிலில் நான் அப்படியே நின்றுவிட்டேன். இவ்வளவு வேலையும், இவ்வளவு அழகும், வராமலே போகக்கூடிய ஒன்றுக்காக.

குடைக்குள் என் கணவர் தொண்டையைச் செருமினார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"என்ன?"

"மதியம் ஒரு ஸ்வீட் கிளாஸ் புக் பண்ணிருக்கேன். போன மாசமே பண்ணிட்டேன். சொல்ல பயம். கேன்சல் பண்ணிடட்டா?"

வேறு நேரமாக இருந்திருந்தால் திட்டியிருப்பேன். அந்த மரத்தைப் பார்த்த பிறகு திட்ட வரவில்லை. "போலாம்," என்றேன்.

குறுகிய சந்தில் ஒரு பழைய மரவீடு. மழை காரணமாக அன்று நாங்கள் இருவர் மட்டும்தான். சொல்லிக் கொடுக்கும் பெண்ணுக்கு என் வயது இருக்கும், நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. தலைமுடியை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எங்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. மேசை நடுவில் போனை வைத்துக்கொண்டோம்.

வெள்ளை பீன்ஸை வேகவைத்து மசித்து, சர்க்கரை சேர்த்துக் கிளறி, உருட்டும் பதத்தில் வைத்திருந்தார். தொட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. போளிக்குள் வைக்கும் பூரணம். இன்னும் மென்மை, ஆனால் அதே ஈரம், அதே இழுவை. இரண்டு வருடமாக எதையும் கிளறாத என் விரல்கள் அதை அடையாளம் கண்டு தானாக உருட்ட ஆரம்பித்தன. சிவப்புப் பூரணத்தை வெள்ளைக்குள் வைத்து மூடி, ஒரு மூங்கில் குச்சியால் இதழ் இதழாக அழுத்த வேண்டும். என் கணவர் செய்தது மிதிபட்ட உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. என்னுடையதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அந்தப் பெண். போனில் சொன்னார். "இது இனிப்பு செய்து பழகிய கை."

பிறகு பச்சைத் தேநீர் வந்தது. ஒரு துண்டை வாயில் போட்டேன். இனிப்பு, அவ்வளவுதான். அவர் ஆவலாக என் முகத்தைப் பார்த்தார். பழக்கதோஷத்தில், ரயிலில் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தையைச் சொன்னேன். "ஓயிஷி." ருசி என்று அர்த்தம். அவர் முகம் மலர்ந்து, இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

அந்த வணக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. எத்தனையோ வீடுகளில் சொன்ன பொய்தான். ஆனால் இலையைக் கையால் பொறுக்குகிற ஊரில், வருமோ வராதோ தெரியாத பனிக்காக ஒரு மரத்துக்கு நூறு கயிறு கட்டுகிற ஊரில் அதைச் சொன்னதும் வெட்கமாகிவிட்டது. போனை எடுத்து, எனக்கு மணமே தெரியாது, இரண்டு வருடம் ஆகிறது, நான் சொன்னது பொய் என்று தமிழில் வேகமாகச் சொன்னேன்.

போன் என்ன சொன்னதோ, அந்தப் பெண் திடுக்கிட்டு என் மூக்கைப் பார்த்தார். பிறகு என் கணவரின் மூக்கைப் பார்த்தார். திரும்ப என்னுடையதை. கணவர் போனைத் திருப்பி, அது சொன்னதை மறுபடி தமிழில் மாற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உன் மூக்கு ரெண்டு வருஷம் முன்னாடி தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிருக்கு."

மூவரும் சிரித்தோம். அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகத் திரும்பச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. எழுந்து உள்ளே போய்விட்டார்.

"கோச்சுக்கிட்டாங்களா?" என்றேன்.

"தெரியலையே. கிளம்பலாமா?"

கிளம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கறுப்புத் தட்டு ஒன்றுடன் வந்தார். அதில் நான்கு இனிப்புகள். நான் செய்ததில் மீதி இருந்ததையும் ஐந்தாவதாக ஓரத்தில் வைத்தார். போனிடம் நிதானமாகப் பேசினார். அது சொன்னதை நாங்கள் கோத்துப் புரிந்துகொண்டோம். மகன் வயிற்றில் இருந்தபோது அவருக்கு எந்த வாசனையும் ஆகாதாம். பீன்ஸ் வேகும் வாசனை வந்தால் வாந்தி. கடையை மூட முடியாது. மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஐந்து மாதம் இனிப்பு செய்தாராம். "அப்போதுதான் இவற்றை நான் தெரிந்துகொண்டேன்," என்றது போன்.

முதலாவது ஒரு சின்னப் பூ, அச்சில் அழுத்திய உலர்ந்த மாவும் சர்க்கரையும். கடிக்கக் கூடாது, நாக்கின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சைகை காட்டினார். கண்ணை மூடினேன். நாக்கில் பூவின் விளிம்பு பட்டது. இதழ்களை எண்ண முடிந்தது. பிறகு ஒவ்வோர் இதழாக மழுங்கி, கோடுகள் மறைந்து, பூ இருந்த இடத்தில் குளிர்ச்சி மட்டும் நின்றது. ஒரு வடிவம் என் வாய்க்குள் இருந்து இல்லாமல் போனதை நான் முழுசாகப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி, கடல்பாசியில் செய்தது. கடித்ததும் மேல் ஓடு நொறுங்கியது. அந்தச் சத்தம் காதுக்கு வெளியே கேட்கவில்லை, மண்டைக்குள் கேட்டது. ஓட்டுக்கு உள்ளே மெத்தென்று இருந்தது. மூன்றாவது தட்டில் இருக்கும்போதே நடுங்கியது. வாயில் பல் படும் முன்பே வழுக்கிக்கொண்டு போனது. நான்காவது காகிதம் போன்ற அரிசி ஓட்டுக்குள் வைத்த பூரணம். ஓடு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல ஈரமாகி விட்டுக்கொடுத்தது.

அவர் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வாய் தேநீர் குடிக்கச் சொன்னார். வெளியே ஓட்டுக்கூரையில் மழை. இரண்டு வருடமாக என் வாயை நான் ஒரு மூடிய அறை என்று நினைத்திருந்தேன். உள்ளே இவ்வளவு நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது என்னுடையது. அவர் அதைக் குச்சியால் வெட்டி, என் காதருகே கொண்டுவந்தார். ஒன்றும் கேட்கவில்லை. "இதற்குச் சத்தம் இல்லை. அதனால் பெயரைக் கேட்க வேண்டும்," என்றது போன். என்ன பெயர் என்று கேட்டேன். இந்த வாரம் செய்யும் இந்த இனிப்புக்கு அவர் வைத்திருந்த பெயர், "பனிக்கு முன்."

நான் அழவில்லை. பக்கத்தில் பார்த்தால் என் கணவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நான் இப்ப சாப்பிடலாமா?" என்று கேட்டார். தன்னுடைய மிதிபட்ட உருளைக்கிழங்கை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஊரைச் சுற்றினோம். முதல் நாள் வெளியில் நின்று பார்த்த கடைகளுக்குள் எல்லாம் போனேன். நொறுங்குவது எது, கரைவது எது, ஒட்டுவது எது என்று கேட்டுக் கேட்டு வாங்கினேன். கடைக்காரர்கள் யாரும் இதை விநோதமாகப் பார்க்கவில்லை. நிதானமாக யோசித்துப் பதில் சொன்னார்கள். மாலையில் மீண்டும் பூங்காவுக்குப் போனோம். அந்தப் பைன் மரம் கட்டி முடிந்து தனியாக நின்றது. மேகம் விலகி வெயில் சாய்வாக விழுந்ததும் கயிறுகள் எல்லாம் பொன்னிறமாகி, அந்தக் கூம்பு முழுவதும் குளத்தில் தலைகீழாகத் தெரிந்தது. என் கணவர் கேமராவை எடுத்துவிட்டு, படம் எடுக்காமலே கீழே இறக்கினார். "இது வராது," என்றார்.

அந்த வருடம் தீபாவளி தாமதமாக வந்தது. நாங்கள் திரும்பிய அடுத்த சனிக்கிழமை நண்பர்கள் வீட்டில் எல்லோரும் கூடினோம். ஏன் ஆன்ட்டி இந்த வருஷமும் மைசூர்பாகு இல்லையா என்று யாரோ கேட்டார்கள். டைம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திவிட்டு உள்ளதைச் சொன்னேன். நான் பயந்த மாதிரியே நடந்தது. ஒருவர் ஓமம் என்றார், ஒருவர் கற்பூரம் என்றார், ஒருவர் தன் ஈ.என்.டி டாக்டரின் நம்பரை அப்போதே அனுப்பினார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சாப்பாட்டுத் தட்டோடு நான் தோட்டத்துப் பக்கம் போய் உட்கார்ந்ததும், அதிகம் பேசாத ஒரு அங்கிள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். மகன் வீட்டோடு இருப்பவர், எழுபது வயது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் அதேதாம்மா. ஒன்றரை வருஷம் ஆச்சு. வீட்ல சொல்லல. மருமக ஆசையா சமைக்குது, அதுகிட்ட எப்படிச் சொல்றது?"

"அப்ப சாப்பிடறப்ப என்ன பண்றீங்க அங்கிள்?"

"நல்லாருக்குன்னுவேன்."

நான் என் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து அவரிடம் கொடுத்தேன். மெல்லாமல் மெதுவாகக் கடித்துப் பாருங்கள், சத்தத்தை மட்டும் கேளுங்கள் என்றேன். அவர் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கடித்தார்.

"இது யார் வீட்டுது?" என்று கேட்டார்.

"உங்க மருமக பண்ணது அங்கிள்."

அவர் இன்னொன்று வேண்டும் என்று கையை நீட்டினார்.